திக்பிரமை: சொல்லின் வேரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பகுதி அச்சகங்களுக்கு மெய்ப்பு, அதாவது அச்சேறும் முன் எடுக்கும் சோதனைப் படி, திருத்தித் தருவது என் தொழில். சொல் விளக்கக் கட்டுரைகளோடு வரும் கல்லூரி மாணவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் தலைமுறை இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். சந்திப்பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். திசை தெரியாமல் கலங்குவதைக் குறிக்கும் ‘திக்பிரமை’ என்ற ஒரு சொல்லை வைத்தே சொல்கிறேன்.

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ‘திக்’ என்பது திசை. ‘பிரமை’ என்பது சுழலுதல், அலைதல், மயங்குதல் ஆகிய பொருள்களைத் தரும் வடமொழி வேரிலிருந்து வந்தது. திசை மயக்கம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். செய்வதறியாது திகைத்து நிற்கும் நிலையை அது பிறகு குறிக்கலாயிற்று. பிரமித்தல், பிரமிப்பு, சித்தப்பிரமை ஆகியவை இதே குடும்பம்.

ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்கு எழுதிய இளைஞர், பிரம்மாவைக் கண்டவன் நிற்கும் நிலையே திக்பிரமை என்று விளக்கியிருந்தார். மெய்ப்பில் ‘திக்பிரம்மை’ என்றிருந்ததில் கூடுதலாக நின்ற ‘ம்’ எழுத்தை நான் அடித்திருந்தேன். தம் விளக்கத்துக்கு அது தேவைப்பட்டதால், இறுதிப் படியில் அதை அவர் மீண்டும் சேர்த்துவிட்டார். ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதியைப் பாரம் என்போம்; அச்சான பதினாறு பக்கப் பாரம் முழுவதையும் பள்ளி திருப்பி அனுப்பியது. தாளும் கூலியும் அச்சகத்தின் தலையில் விழுந்தன.

இதைவிட நுட்பமான பொறி ஒன்றும் உண்டு. தருக்க நூல்களில் ‘பிரமை’ என்றால் மெய்யறிவு. பிரமாணம், பிரமேயம் ஆகிய சொற்கள் அந்த வழியில் வந்தவை. மயக்கத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து வடமொழியில் மூச்சொலியோடு (ஹகர ஒலி கலந்து) கூடியது, மெய்யறிவைக் குறிப்பதன் முதலெழுத்து மூச்சொலி இல்லாதது; தமிழெழுத்து இரண்டையும் ஒரே பகரத்தால் எழுதுவதால், நேர்மாறான பொருள் கொண்ட இரண்டு சொற்கள் ஒரே உருவில் நிற்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் வெளிவந்தது. மூலச் சொற்களையும் தரும் அதைப் புரட்டிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களைச் செலவிட மறுப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எல்லாத் ‘திக்கு’ம் திசை என்று எண்ணுதல்

பேச்சுத் தடைபடுவதைக் குறிக்கும் ‘திக்குதல்’ வேறு சொல்.

ஆங்கிலச் சொல்லின் கதையைத் தமிழுக்கு ஒட்டுதல்

திசை தடுமாறச் செய்தலைக் குறிக்கும் ‘டிஸ்ஓரியன்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்குள் இருக்கும் ‘ஓரியன்ட்’ கதிரவன் எழும் திசையைச் சுட்டும் இலத்தீன் சொல். கிழக்கைத் தவறவிடுதல் என்பது அங்கே பொருந்தும். திக்பிரமையில் வரும் திசையோ எந்தத் திசையாகவும் இருக்கலாம். தமிழின் ‘கிழக்கு’ எழுச்சியிலிருந்து பிறந்ததும் அன்று: அது ‘கீழ்’ என்பதிலிருந்து வந்தது, ‘மேற்கு’ ‘மேல்’ என்பதிலிருந்து வந்தது. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாக நிலம் சரிவதை இதற்குக் காரணமாகக் காட்டுவார்கள். காசிமேட்டுக் கரையில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

பழைய பொருளே சரி என்று வாதாடுதல்

‘திக்கற்றவருக்குத் தெய்வமே துணை’ என்பதில் வரும் திக்கு, திசை என்ற பழைய பொருளில் நிற்கவில்லை; அங்கே அது புகலிடம்.