எஸ்எஸ் முத்திரையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

1970ஆம் ஆண்டின் செவர்லே செவெல் எஸ்எஸ் 454 (எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட் எனும் வேகமான வகை, 454 என்பது எஞ்சினின் கன அங்குல அளவு), அதிலும் 450 குதிரைத்திறன் எல்எஸ்6 எஞ்சினோடு வந்தது, பெரிய எஞ்சின் பொருத்திய அமெரிக்க மசில் கார்களைச் சேகரிப்பவர்கள் ஏங்கித் தேடும் வண்டி. அதனாலேயே அதற்குப் போலிகளும் ஏராளம். செவெல்லின் சாதாரண வகையான மாலிபு ஒன்றை வாங்கி, புதிதாகவே விற்கும் பானட்டையும் முத்திரைகளையும் பொருத்தி, பட்டைக்கோடு தீட்டினால் வெளித்தோற்றத்துக்கு அது எஸ்எஸ்தான்.

வாங்குபவர்கள் முதலில் சறுக்குவது வாகன அடையாள எண்ணில். பிளிமத் ஹெமி குடா என்ற இன்னொரு மசில் காரில் அந்த எண்ணின் ஐந்தாம் இடத்தில் ஆர் என்ற எழுத்து இருக்கும். எஞ்சினை அதுவே சொல்லிவிடும். 1966 முதல் 1968 வரையிலான செவெல் எஸ்எஸ் 396 வண்டிகளையும் 138 என்ற தொடக்கம் காட்டிக்கொடுக்கும். ஆனால் 1969இல் எஸ்எஸ் என்பது கூடுதல் விலைக்குச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாகிவிட்டது. 1970 வண்டியில் உள்ள 136 என்ற தொடக்கம், அது எட்டு சிலிண்டர் மாலிபு என்பதை மட்டுமே சொல்லும். அசலுக்கும் அதே எண், போலிக்கும் அதே எண்.

அடுத்தது எஞ்சின். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் தட்டையான பகுதியில் முத்திரை எழுத்துகள் இருக்கும்: கைகியர் எல்எஸ்6 என்றால் சிஆர்வி, ஆட்டோமேட்டிக் என்றால் சிஆர்ஆர். அவற்றைப் படித்ததும் திருப்தியடைவதுதான் பெரிய தவறு. பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிக்க முடியும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். தொழிற்சாலை இயந்திரம் விட்ட மெல்லிய இணைகோடுகள் அங்கே தெரிய வேண்டும். மழமழவென்று இருந்தால் காரணம் கேளுங்கள். பிளாக்கின் வார்ப்புத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி உருவான பிறகு வார்த்த பிளாக், அந்த வண்டியோடு பிறந்ததாக இருக்க முடியாது.

போன்டியாக் நிறுவன வண்டி என்றால் அந்த வண்டிக்கே உரிய தொழிற்சாலை விலைப்பட்டியலின் நகலைப் பணம் கட்டிப் பெறலாம். அமெரிக்காவில் விற்ற செவெல்லுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பில்ட் ஷீட் (வண்டியில் எதையெல்லாம் பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலை குறித்த தாள்), உலோக உத்தரவாதத் தகடு, முந்தைய உரிமையாளர்களின் ரசீதுகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பில்ட் ஷீட்டையும் போலியாக அச்சடிக்கிறார்கள். ஒற்றைத் தாளை நம்பிவிடாதீர்கள்.

போலி என்று சொல்லி விற்கும் போலியில் எனக்குக் குறையே இல்லை; ஓட்டி மகிழ அதுவே நல்லது. மறைத்து விற்பதோ திருட்டு. மிஞ்சியிருக்கும் அசல்களின் வரலாற்றையும் அது கெடுக்கிறது. "இது அசல் எல்எஸ்6" என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். தயங்கினால் மாலிபுவின் விலைக்கு மேல் பேசாதீர்கள்.