கொம்புச்சா டிரம்மில் ஒழுகிய குழாய்

தண்டையார்பேட்டை வீட்டில், வாய் அகன்ற 15 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, கொம்புச்சா (இனிப்புத் தேநீரைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம்) புளிக்க வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் தரையெல்லாம் இனிப்புத் தேநீர். எறும்புகள் சாரை சாரையாக வந்துவிட்டன.

முதலில் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினேன். வீண் வேலை! இந்த வகைக் குழாயில் ஒழுகலைத் தடுப்பது மரையல்ல, வாஷர்தான். கழற்றிப் பார்த்தபோது துளையின் விளிம்பில் பிசிறு நின்றது. வாஷர் எப்படிப் படியும்? உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்தேன். பாரிமுனையில் வாங்கிய சிலிகோன் வாஷரை உட்புறம் வைத்து, நட்டைக் கையால் மட்டும் இறுக்கினேன். ஸ்பேனர் போட்டால் வாஷர் பிதுங்கிவிடும். பித்தளைக் குழாய் வேண்டவே வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும்.

பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, ஓர் இரவு விட்டேன். விடிந்து பார்த்தேன். தாள் நனையவே இல்லை.