தூங்காத பிள்ளையிடம் போனைப் பிடுங்கும் முன்

பள்ளி ஆலோசகராகப் புதிதாக வருபவர்களும் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களும் தூங்காத பிள்ளை விஷயத்தில் சில இடங்களில்தான் மீண்டும் மீண்டும் சறுக்குகிறார்கள். ராத்திரி காபி கூடாது, சீக்கிரம் படுக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

எல்லாம் போனால்தான் என்று முடிவு கட்டுவது

அதிகம் சேதம் செய்வது இதுதான். பதினாறு வயதுப் பையன் ராத்திரி ஒன்றரை மணிவரை ரீல்ஸ் பார்க்கிறான், காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். "போனை வாங்கி வையுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அப்பாவுக்கு வேலை போனதா, வீட்டில் தினமும் சண்டையா, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தைப் போட்டுக் கேலி செய்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. விளக்கை அணைத்ததும் அந்த நினைப்பு ஓட ஆரம்பிக்கிறது. அதிலிருந்து தப்பிக்கத்தான் பல பிள்ளைகள் போனை எடுக்கிறார்கள். அதையும் பிடுங்கிவிட்டால் இருட்டில் அந்த நினைப்போடு தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

போனும் தூக்கத்தைக் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் எது முதலில் வந்தது என்று பாருங்கள். இழப்போ அவமானமோ நேர்ந்தபின் உடம்பு உஷார் நிலையிலேயே இருக்கிறது. தூக்கம் வரத் தாமதமாகிறது, வந்தாலும் கலைகிறது. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மறுநாள் சின்ன ஏச்சும் பெரிதாக வலிக்கும். அன்று ராத்திரி புரள்வதற்கு அது போதும். இப்படியே வாரக்கணக்கில் போனால் மனச்சோர்வில் கொண்டுபோய் விடலாம். பலருக்கு மனச்சோர்வுக்கு முன்பே தூக்கம் கெட்டுவிடுகிறது.

ஒரு நோட்டு போடுங்கள், இரண்டு வாரத்துக்கு. போனை வைத்த நேரம், படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் எத்தனை தடவை விழிப்பு, எழுந்த நேரம். காலையில் பிள்ளையே எழுதட்டும். ஓரத்தில், படுத்ததும் மனதில் ஓடியது ஒரு வரி. அந்த வரியை வீட்டில் யாரும் படிக்கக் கூடாது. படித்தால் தினமும் "ஒன்றுமில்லை" என்றுதான் இருக்கும். 11 மணிக்குப் போனை வைத்தும் 1.30 வரை தூக்கமில்லை என்றால் விஷயம் வேறெங்கோ இருக்கிறது. பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேளுங்கள்: "எப்போலேருந்து தூக்கம் வரல? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

நாலு மணி அலாரம்

பருவமடைந்தபின், தூங்கும் நேரம் வந்துவிட்டதென்று உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராதது திமிர் அல்ல. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 11.30க்குப் படுத்தவளைப் படிக்கச் சொல்லி 4 மணிக்கு எழுப்பினால் நாலரை மணி நேரம்தான். அதிலும் வெட்டுப்படுவது பெரும்பாலும் விடியற்காலையில் வரும் கனவுத் தூக்கம். அந்தப் படிப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை எழும் நேரமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம்.

அழவில்லையே என்று விட்டுவிடுவது

இந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வரும், நாளெல்லாம் தூங்குவதாகவும் வரும். பிடித்த கிரிக்கெட்டே வேண்டாம் என்கிற நிலை இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை

கூடாது. தூக்கம் வருமென்று சளி மாத்திரை கொடுப்பதும் கூடாது.

சாவைப் பற்றிக் கேட்கப் பயப்படுவது

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது தவறு. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை அட்டைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அன்றைக்கே மனநலப் பிரிவுள்ள அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதுவரை அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணும் உண்டு.