இலங்கை மலைநாட்டுல வான் வண்டியில தங்கப் போறீங்களா? பெட்டரி விஷயத்துல இந்தத் தவறுகள செய்யாதீங்க

நாங்க நாலு பேரு ஒரு பழைய வானோட பின் சீட்டெல்லாம் கழட்டி மெத்தைய போட்டுக்கிட்டு அம்பேவளை பக்கம் போயி ரெண்டு ராத்திரி நின்னோம், மூணாவது நாள் காலையில சாவிய திருப்பினா டக் டக்னு சத்தம் மட்டும்தான் வருது. ராத்திரி பூரா லைட்டு, பாட்டு, நாலு போன் சார்ஜு எல்லாமே வானோட பெட்டரியிலதான். தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறிக்காரர் ஒருத்தர் ஜம்பர் வயர் வச்சிருந்ததால தப்பிச்சோம்.

வான் பெட்டரி இஞ்சின ஸ்டார்ட் பண்ண சில செக்கன்ட் பெரிய கரண்ட் குடுக்கத்தான் செஞ்சது, அத ஆழமா இறக்கி இறக்கி பாவிச்சா சீக்கிரமே செத்துப் போகும். தங்குற வேலைக்குன்னு தனியா ரெண்டாவது பெட்டரி ஒண்ணு வைங்க. ஈயப் பெட்டரின்னா பாதிக்கு கீழ இறக்க வேணாம். ஒண்ணும் ஓடாத நேரத்துல மீட்டர் வச்சு பாருங்க, 12.7 வோல்ட் காட்டினா ஃபுல்லு, 12.2 கிட்ட வந்தா பாதி, அதோட நிப்பாட்டிருங்க.

அடுத்தது இன்வேர்ட்டர். போன் சார்ஜ் பண்ணக் கூட அத போட்டு வைக்கிறாங்க, 12 வோல்ட்ட 230 ஆக்கி திரும்ப 5 வோல்ட்டுக்கு இறக்குறதுல ரெண்டு தடவ நட்டம், சும்மா ஓன்ல கிடந்தாலே அது கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிக்கிட்டுதான் இருக்கும். 12 வோல்ட்ல நேரா போடுற யூஎஸ்பி சார்ஜர் போதும். எலக்ட்ரிக் கேத்தல் பத்தி நினைக்கவே வேணாம், 1500 வாட் கேத்தல் 12 வோல்ட் பெட்டரியில இருந்து 125 அம்பியருக்கு மேல இழுக்கும், பிளேன்டிக்கு கேஸ் அடுப்புதான் சரி.

பெட்டரிய சார்ஜ் பண்ண வைக்கிற சோலர்லதான் ரொம்ப பேர் ஏமாறுறாங்க. 100 வாட் பேனல்னா 100 வாட் வரும்னு நம்பி வந்து, நம்ம ஊர் மிஸ்ட்ட பார்த்ததும் முகம் தொங்கிரும். காலையில வெயில் நல்லா இருக்கும், பகலுக்கு மேல மூடினா மூடினதுதான், அதனால விடிஞ்சதுமே பேனல வெளிய வைங்க, பத்து மணிக்கு தூங்கி எழும்பி வைக்கிற ஆளுன்னா பவர் பேங்க் ரெண்டு கூட எடுத்துக்கிட்டு வாங்க. மர நிழல் ஒரு மூலையில விழுந்தாலும் பேனல் பூராவும் மந்தமாயிரும். எந்த மாசம் எங்க போறதுன்னு தேயிலையையே கேக்கலாம். ஜூலை, ஆகஸ்ட்ல ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை கொட்டுது, அதே நேரம் பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் காஞ்ச காத்து அடிச்சு ஊவா தேயிலைக்கு நல்ல சீசன், பேனலுக்கும் அதுதான் சீசன். ஜனவரி கடைசிக்கு மேல மார்ச் வரைக்கும் ஹட்டன் பக்கம் போகலாம்.

ஆனா ஜனவரி, பெப்ரவரியில நுவரெலியா பக்கம் சில விடியக்காலையில கொழுந்தே பனியில கருகும். அந்தக் குளிர்ல போன் 30 வீதத்துல இருந்து சட்டுனு ஓஃப் ஆகும், சூடானதும் திரும்ப வரும். குளிர் பூச்சியம் டிகிரிக்கு கீழ போனா லிதியம் பெட்டரிய சார்ஜ் பண்ணவே கூடாது, உள்ளுக்கு கெட்டுப் போகும். போன போர்வைக்குள்ள வச்சுக்கலாம், ஆனா சார்ஜ் ஆகிக்கிட்டு இருக்கிறத வைக்காதீங்க, அது சூடேறி ஆபத்து.

பவர் பேங்க்ல 20,000 mAhன்னு போட்டிருக்கிறது உள்ளுக்கு இருக்கிற 3.7 வோல்ட் கணக்கு, 5 வோல்ட்டுக்கு ஏத்தும்போது கையில கிடைக்கிறது 12,000, 13,000 மாதிரிதான். 5,000 mAh பெட்டரி உள்ள போன நாலு தடவ சார்ஜ் பண்ணலாம்னு கணக்கு போடாதீங்க, ரெண்டரை, மூணு கிட்டத்தான் வரும்.

பள்ளத்துல சிக்னல் இல்லாத இடத்துல போன் டவர தேடித் தேடியே பெட்டரிய தின்னுரும். மேப்ப முதல்லயே டவுன்லோட் பண்ணிட்டு ஃப்ளைட் மோட்ல போட்டுருங்க, மேட்டுக்கு ஏறினதும் வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துக்கலாம்.

மிஸ்ட்டுல போன் ஈரமானா சார்ஜர் குத்துற ஓட்டைய உதறி காய வச்சிட்டுத்தான் வயர குத்தணும், எங்க கூட்டாளி ஒருத்தன் அவசரப்பட்டு குத்தி மிச்ச ரெண்டு நாளும் எங்க போனத்தான் கடன் வாங்கினான்.