ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை: கற்றல் களங்களோடு 90 நிமிட மொழிப்பாட வேளையை அமைக்கும் முறை

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய பின், அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளும், ஒவ்வொரு செயலுக்கும் ஒதுக்கிய மூலைகளான வகுப்பறைக் களங்களும் ஆசிரியர்களுக்குப் பழகிய சொற்களாகிவிட்டன. ஆயினும், புதிதாகப் பணியேற்பவர்கள் களங்களை அழகாக ஒட்டி வைப்பதற்கே தம் உழைப்பை எல்லாம் செலவிட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் தாமாகவே களங்களில் இயங்கும் நேரத்தில், ஆசிரியர் ஐந்தாறு பேரோடு மட்டும் அமர்ந்து ஒவ்வொருவர் வாசிப்பையும் காது கொடுத்துக் கேட்க முடிவதே இந்த ஏற்பாட்டின் முதன்மையான பயன் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: நேரத்தைப் பிரித்தல்

முதல் 20 நிமிடம் வகுப்பு முழுவதற்கும் கதை வாசித்துக் காட்டவும், பாடல் பாடவும், சொற்களின் முதல் ஒலியைக் கண்டறியும் விளையாட்டுக்கும் உரியது. அடுத்த 60 நிமிடத்தை 15 நிமிடச் சுற்றுகள் நான்காகப் பிரிக்கலாம். எஞ்சிய 10 நிமிடத்தில் பிள்ளைகள் தாம் எழுதியதையும் படித்ததையும் மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

இரண்டாம் படி: குழுவும் இடமும்

24 பிள்ளைகள் இருந்தால் ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள் போதும். மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் அமரும் பள்ளியில், வகுப்பைப் பாராமல் வாசிப்பு நிலையைப் பார்த்தே குழு பிரிக்க வேண்டும். ஆசிரியர் ஒரு குழுவோடு அமர்ந்து வாசிப்பைக் கேட்கும் பாய் ஓர் இடம். மற்ற மூன்றும் வாசிப்பு, எழுத்து, சொல் களங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குழுக்கள் அடுத்த இடத்துக்கு நகரும்.

மூன்றாம் படி: களங்களை நிரப்புதல்

வாசிப்புக் களத்தில் கயிறு கட்டிப் புத்தகங்களை அட்டை தெரியுமாறு தொங்கவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட, தொடக்க நிலையான ‘நுழை’ நிலை நூல்கள் போன்று ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிகளே உள்ளவை இங்கே பொருந்தும். எழுத்துக் களத்தில் மணல் தட்டு, சிலேட்டு, படம் வரைந்து அதன் கீழ் எழுதத் தாள் ஆகியவை இருக்கட்டும்.

சொல் களத்திற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். 247 எழுத்துகளையும் ஒருசேர அங்கே குவிக்க வேண்டாம். ட, ப, ம, அவற்றின் புள்ளியிட்ட வடிவங்கள் ஆகிய ஆறு அட்டைகளே படம், மடம், பட்டம், மட்டம் என்று பல சொற்களைத் தந்துவிடும். பிறகு துணைக்காலைத் தனி அட்டையாகச் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம் என்று சொற்கள் பெருகும். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இருபுறமும் நிற்கும் ‘கொ’ போன்ற எழுத்தை, ‘கெ’ என்று தொடங்கிப் பிள்ளைகள் திணறுவது இயல்பு. எனவே இவ்வரிசையைக் கடைசியில் வையுங்கள். ல, ள, ழ வேறுபாட்டுக்கு எழுத்து அட்டையோடு பல், பள்ளம், பழம் என்று படமும் வேண்டும்.

நான்காம் படி: பழக்குதல்

அவசரப்பட்டால் எல்லாம் குலையும் இடம் இதுவே. நான்கு இடங்களையும் முதல் நாளே திறந்துவிடாமல், ஒரு களத்தை வகுப்பு முழுவதற்கும் செய்துகாட்டி, எடுத்த பொருளை எங்கே வைப்பது, ஐயம் வந்தால் குழுவில் யாரைக் கேட்பது, மணி அடித்ததும் எந்தப் பக்கமாக நகர்வது என்பவற்றைப் பிள்ளைகளே செய்துகாட்டும் வரை அதிலேயே நில்லுங்கள். அது பழகிய பின்பு அடுத்த களத்தைத் திறக்கலாம். இதற்கு முதல் சில வாரங்கள் முழுவதும் செலவானாலும் தயங்க வேண்டாம். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஆசிரியரிடம் வந்து நின்றால், களம் இன்னும் பழகவில்லை என்று பொருள்.

ஐந்தாம் படி: ஆசிரியரின் பாய்

இங்கே கூட்டாகச் சேர்ந்து வாசிக்கச் செய்யாதீர்கள். சேர்ந்து ஒலிக்கும் குரலில், வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை மறைந்துவிடும். அந்தப் பிள்ளைக்காகவே இத்தனை ஏற்பாடும். எல்லாரும் ஒரே பத்தியை மெல்லிய குரலில் அவரவர் வேகத்தில் வாசிக்க, ஆசிரியர் ஒவ்வொருவர் அருகிலும் குனிந்து கேட்டு, தடுமாறிய எழுத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். பிள்ளை திணறியவுடன் சொல்லைத் தாமே சொல்லிவிடாமல், எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்க அவகாசம் கொடுங்கள்.

ஆறாம் படி: குழுவை மாற்றுதல்

குறிப்பேட்டைப் பார்த்து மாதம் ஒருமுறையேனும் குழுக்களைக் கலைத்து அமையுங்கள். குழுக்களுக்கு மல்லிகை, முல்லை என்று நிலையைக் காட்டாத பெயர்களை இடுங்கள். அதே நாளில் சொல் களத்தின் அட்டைகளையும் புதிய குழுக்கள் தடுமாறும் எழுத்துகளுக்கு ஏற்ப மாற்றிவிட வேண்டும்.