யூட்டாவில் புதுக் குடித்தனமா? பக்கத்து மார்மன் வார்டில் சிநேகிதம் பிடிப்பது எப்படி

சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே லீஹை, அமெரிக்கன் ஃபோர்க் பக்கம் சாஃப்ட்வேர் வேலைக்கு வருகிற நம் ஆட்கள் முதல் மாதத்திலேயே புலம்ப ஆரம்பித்துவிடுவார்கள். தெருவில் எல்லாரும் சிரிக்கிறார்கள், கை ஆட்டுகிறார்கள், ஆனால் ஒருத்தரும் பழக்கமாகவில்லை என்று. இந்த ஊரில் தெருப் பழக்கம் பெரும்பாலும் மார்மன் சர்ச் வழியாகத்தான் ஓடுகிறது (மார்மன்கள் என்றால் யூட்டாவில் நிறைந்திருக்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்), அதுதான் காரணம். தமிழ் நண்பர்கள் வேண்டுமென்றால் சவுத் ஜோர்டனில் கணேசர் கோயில் இருக்கிறது, அங்கே கிடைப்பார்கள். ஆனால் ஜனவரியில் வாசலில் பனி குவிந்து கார் வெளியே வராதபோது பக்கத்து வீட்டுக்காரர்தான் வேண்டும். மதம் மாறாமலே அவர்கள் வட்டத்துக்குள் போகலாம். போகிற வழி இது.

படி 1: உங்கள் வார்டு எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மார்மன்களின் உள்ளூர்ச் சபைக்கு வார்டு என்று பெயர். நம் ஊர் கவுன்சிலர் வார்டு மாதிரியே வரைபடத்தில் எல்லை போட்டுப் பிரித்தது, பிடித்த பாதிரியார் இருக்கிற இடத்துக்குப் போவோம் என்கிற பேச்சு இல்லை. மற்ற மாநிலங்களில் ஒரு வார்டு மூன்று நான்கு ஊர்களுக்குப் பரவிக் கிடக்கும், யூட்டாவிலோ சில தெருக்களே ஒரு வார்டு. சர்ச் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் கட்டடத்தையும் நேரத்தையும் காட்டிவிடும். நேரத்தைக் கவனியுங்கள். ஒரே கட்டடத்தை இரண்டு மூன்று வார்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும், பல இடங்களில் ஜனவரியில் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். தப்பான நேரத்தில் போனால் அடுத்த தெருக்காரர்களோடு உட்கார்ந்துவிட்டு வர வேண்டியதுதான்.

படி 2: ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள்

மொத்தம் 2 மணி நேரம். 2019க்கு முன்னால் 3 மணி நேரம் இருந்தது, தப்பித்தீர்கள். முதல் பகுதி எல்லாருக்கும் பொதுவான திருவிருந்துக் கூட்டம், அப்புறம் வகுப்புகள். ஆண்கள் வெள்ளைச் சட்டை, டை. பெண்கள் பாவாடை அல்லது கவுன். நீங்கள் சல்வாரிலோ சேலையிலோ போகலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ரொட்டித் துண்டும் தண்ணீரும் தட்டில் வரும், எடுக்க வேண்டாமென்றால் அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்துங்கள். உண்டியல் வராது. பேசுகிறவர்கள் எல்லாரும் சாதாரண உறுப்பினர்கள்தான், வார்டுத் தலைவரான பிஷப்புக்கே சம்பளம் கிடையாது, வாரநாளில் அவர் பல் டாக்டராகவோ கணக்காளராகவோ இருப்பார்.

மாதத்தின் முதல் ஞாயிறு பெரும்பாலும் விரத நாள். யார் வேண்டுமானாலும் மேடையேறித் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவார்கள், சிலர் அழுவார்கள், புதியவருக்குக் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். முதல் தடவை வேறு வாரம் போங்கள். ஏப்ரல், அக்டோபர் தொடக்கத்தில் சால்ட் லேக்கில் பொது மாநாடு நடக்கும் வார இறுதியில் உள்ளூர்க் கூட்டமே இருக்காது.

படி 3: மனதில் உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

நம்மவர்கள் வழுக்குவது இங்கேதான். மரியாதைக்காக "பார்க்கலாம்", "யோசிக்கிறோம்" என்று சொல்லிவைப்போம். கேட்பவர் அதை ஆர்வம் என்றே எடுத்துக்கொள்வார், அடுத்த வாரம் பெயர்ப்பட்டை மாட்டிய இரண்டு மிஷனரிகள் மதம் பற்றிப் பேசக் கதவைத் தட்டுவார்கள். "நாங்கள் எங்கள் மதத்திலேயே இருப்போம், ஆனால் உங்களோடு பழக ஆசை, ஏதாவது வேலை இருந்தால் கூப்பிடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். சிலர் அதோடு ஒதுங்குவார்கள், போகட்டும். மிச்சம் இருப்பவர்கள்தான் உங்களுக்கு ஆவார்கள். மிஷனரிகளாக வருகிற இளவயதுக்காரர்கள் பழக இனியவர்கள், ஆனால் சில மாதங்களில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், நெடுநாள் சிநேகிதத்துக்கு அவர்களை நம்ப வேண்டாம்.

படி 4: நாற்காலி மடக்குங்கள்

என்னைக் கேட்டால் முக்கியமான படி இது ஒன்றுதான். ஞாயிறு கூட்டத்தில் கைகுலுக்கலோடு சரி, இவர்கள் பழகுவது வேலை செய்யும்போது. யாராவது வீடு மாறினால் எல்டர்ஸ் கோரம் என்கிற ஆண்கள் குழு காலையிலேயே டிரக்கோடு வந்து நின்றுவிடும். நீங்கள் குடிவரும்போதே அவர்களிடம் உதவி கேட்கலாம், தயங்காதீர்கள், அடுத்தவர் வீட்டுச் சோபாவைத் தூக்க நீங்களும் போனால் கணக்கு நேராகிவிடும். படிக்கட்டில் ஒரு பியானோவை ஆளுக்கொரு முனை பிடித்து இறக்கிய பிறகு அந்த மனிதரிடம் என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டியிருக்காது. பெண்களுக்கு ரிலீஃப் சொசைட்டி இருக்கிறது, 1842இல் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரத்தில் தொடங்கிய அமைப்பு. பிள்ளை பெற்ற வீட்டுக்கு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோவது அவர்கள் வேலை. உங்கள் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வார்டு விருந்துகள் சர்ச் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிற கூடைப்பந்து மைதானத்தில் நடக்கும். முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மேசையைத் துடைக்க, நாற்காலிகளை மடக்கி அடுக்கக் கடைசிவரை நிற்கிற கூட்டம் ஒன்று இருக்கும், உங்கள் ஆட்கள் அவர்கள்தான்.

(நீங்களே உறுப்பினராக இருந்தால் கதை சுலபம். வார்டு கிளார்க்கிடம் புது முகவரியைக் கொடுத்துப் பதிவை மாற்றுங்கள், பிஷப்பிடம் நீங்களாகவே ஒரு பொறுப்பு கேளுங்கள். குழந்தைகள் வகுப்பு கிடைத்தால் ஒரே மாதத்தில் எல்லாப் பெற்றோரையும் தெரிந்துவிடும்.)

படி 5: சாப்பாட்டு விஷயம்

அவர்கள் பாத்திரத்தில் எது இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். ஃப்யூனரல் பொட்டேட்டோஸ் என்று துருவிய உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவிய ஒன்று எல்லா விருந்திலும் இருக்கும். பார்க்கச் சைவம், ஆனால் பெரும்பாலும் உள்ளே கோழி சூப் ஊற்றியிருப்பார்கள். பச்சை ஜெல்லோ என்கிற ஜெல்லி இனிப்பிலும் விலங்கிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் உண்டு. நீங்கள் கொண்டுபோக எலுமிச்சை சாதம் நல்லது, மிளகாயைக் குறைத்து, வேர்க்கடலை இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டால் ஃபில்டர் காபி, டீ இரண்டும் கொடுக்க முடியாது, அவர்கள் மதத்தில் தடை, மது பேச்சே வேண்டாம். பாதாம் பால், எலுமிச்சை ஜூஸ் போதும். திங்கள் மாலையைப் பல வீடுகளில் குடும்பத்துக்கென்றே ஒதுக்கிவைத்திருப்பார்கள், ஞாயிறு கடைக்கோ ஓட்டலுக்கோ போக மாட்டார்கள். வெள்ளி அல்லது சனிக்கிழமை கூப்பிடுங்கள். நவராத்திரி கொலுவுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், பிள்ளை குட்டிகளோடு ஒரு படையே வரும்.

படி 6: அழைத்தால் போங்கள்

பக்கத்து வீட்டுப் பையன் மிஷனரியாக 2 வருட மிஷனுக்குக் கிளம்புமுன் கூட்டத்தில் பேசுவான், போய் உட்காருங்கள். குழந்தைகளுக்கு 8 வயதில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள், உங்கள் பிள்ளை "எனக்கு எப்போ?" என்று கேட்டால் அதற்குப் பதில் வீட்டிலேயே தயாராக இருக்கட்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவர்களுக்கு அவர்கள் செய்வதில்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

கல்யாணம் மட்டும் வேறு. அது பெரும்பாலும் டெம்பிள் என்கிற ஆலயத்தில் நடக்கும், ஞாயிறு கூட்டம் நடக்கிற கட்டடம் வேறு; ஆலயத்துக்குள் அனுமதிச் சீட்டு உள்ள உறுப்பினர்கள்தான் போகலாம், உயிர்த் தோழனாக இருந்தாலும் நீங்கள் வெளியேதான். மணமக்களின் பெற்றோரே உறுப்பினர் இல்லையென்றால் வெளியே காத்திருப்பார்கள், ஆகவே மனதில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அழைப்பிதழில் ரிசப்ஷன் நேரம் மட்டும் போட்டிருந்தால் அந்த நேரத்துக்கு ஒரு பரிசோடு போய் நில்லுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் நாற்காலி மடக்க ஆள் தேவைப்படும்.