புரோட்டோ ஃபைலில் செய்யக்கூடாத தவறுகள்

புரோகிராம்களுக்கு இடையே டேட்டாவைப் பைட்டுகளாகச் சுருக்கி அனுப்புவதற்காக கூகுள் 2008-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது புரோட்டோகால் பஃபர்ஸ் (சுருக்கமாக புரோட்டோபஃப்). இதில் அனுப்பும் டேட்டாவுக்குள் ஃபீல்டின் பெயர் இருக்காது. மதிப்போடு, பெயருக்குப் பதில் அந்த ஃபீல்டுக்குக் கொடுத்த எண்தான் போகும். 1 என்ற எண்ணுள்ள இன்ட்32 (முழு எண்) ஃபீல்டில் 150 வைத்து அனுப்பினால் நெட்வொர்க்கில் போவது 08 96 01 என்ற மூன்றே பைட்டுகள். அதற்கு என்ன அர்த்தம் என்பது, ஃபீல்டுகளின் பெயர், எண், டைப்பை எழுதி இரண்டு பக்கமும் வைத்திருக்கும் புரோட்டோ ஃபைலில்தான் இருக்கிறது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, அழித்த ஃபீல்டின் எண்ணை மறுபடி பயன்படுத்துவது. 4 என்ற எண்ணில் தொலைபேசி எண் இருந்தது, வேண்டாமென்று எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் வந்து, 4 காலியாக இருக்கிறதே என்று அதில் முகவரியைப் போடுகிறார். இரண்டுமே ஸ்ட்ரிங். அப்டேட் செய்யாத பழைய ஆப் முகவரியை வாங்கி, தொலைபேசி எண் என்று நினைத்துக் காட்டும். எர்ரர் வராது, லாகிலும் ஒன்றும் இருக்காது. டேட்டாபேஸில் பழைய பைட்டுகள் சேமித்திருந்தால் அவற்றையும் புது கோடு இதேபோலத் தப்பாகப் படிக்கும். எடுத்த எண்ணை ‘ரிசர்வ்டு’ என்று எழுதி வைத்தால் கம்பைலரே தடுத்துவிடும். ஒரே ஒரு வரி, ஆனால் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். பழைய பெயரையும் சேர்த்து ரிசர்வ் செய்யுங்கள். ஜேஸான் என்ற டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றி அனுப்பும்போது எண்ணுக்குப் பதில் பெயர்தான் போகும்.

அடுத்தது டைப்பை மாற்றுவது. இன்ட்32-ஐ எஸ்இன்ட்32 ஆக்கினால் கம்பைல் ஆகும், ஓடவும் செய்யும். ஆனால் எஸ்இன்ட்32 குறை எண்களைச் சின்னதாக்க வேறு கணக்கு வைத்திருப்பதால், பழைய சர்வர் அனுப்பிய 100 இந்தப் பக்கம் 50 ஆகிவிடும். 101 வந்தால் -51! கணக்கில் இருக்கும் பணம் என்றால் யோசித்துப் பாருங்கள். சரி, குறை எண் அடிக்கடி வருமென்று முதலிலேயே தெரிந்தால் எஸ்இன்ட்32 நல்ல தேர்வுதான். இன்ட்32-இல் -1 பத்து பைட் பிடிக்கும்.

புரோட்டோ ஃபைல் எழுதும் மொழியின் மூன்றாம் பதிப்பான புரோட்டோ3-இல் இன்னொரு சிக்கல். சாதாரண எண் ஃபீல்டில் 0 வைத்தால் அது அனுப்பப்படவே படாது. அது தள்ளுபடி ஃபீல்டு என்றால், தள்ளுபடி பூஜ்யமா, யாரும் நிரப்பவே இல்லையா என்று பெறுகிற பக்கம் கண்டுபிடிக்க முடியாது. அந்த வித்தியாசம் முக்கியமென்றால் ‘ஆப்ஷனல்’ போடுங்கள். மதிப்புகளுக்குப் பெயர் வைத்துப் பட்டியலிடும் ஈனமிலும் இதே கதை: 0-க்கு ‘குறிப்பிடவில்லை’ என்ற மதிப்பைக் கொடுக்காமல் ‘பணம் செலுத்தியாயிற்று’ என்று கொடுத்துவிட்டால், நிரப்பாத ஆர்டர் எல்லாம் பணம் கட்டியதாகத் தெரியும்.

ஒவ்வொரு டீமும் ஃபைலைத் தன் ரெப்போவில் காப்பி அடித்து வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். ஒரே இடத்தில் வைத்து, பொருந்தாத மாற்றம் வந்தால் பில்டு நிற்கும்படி சோதனை வையுங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, டிசிபி சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பில்) மெசேஜ்களை நேராக ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவது. ஒரு மெசேஜ் எங்கே முடிகிறது என்பதற்கு புரோட்டோபஃப் எந்த அடையாளமும் வைப்பதில்லை. நீளத்தை நீங்களே முன்னால் எழுத வேண்டும். வேறு கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராமை அழைக்க உதவும் ஜிஆர்பிசி பயன்படுத்தினால் இந்த வேலை இல்லை. அது ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் ஐந்து பைட் சேர்க்கிறது, அதில் நான்கு நீளத்துக்கு.